சிமெண்டைச் சுரண்டி எடுத்த சுவர்: கோட்ஸ்வோல்ட்ஸ் கல்வீடு ஒன்றின் பழுதுபார்ப்புப் பதிவு

இடம் இங்கிலாந்தின் கோட்ஸ்வோல்ட்ஸ். வீடு 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; பழங்கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் உள்ளது. வேலை நடந்தது மேற்குப் பக்கத்து முகட்டுச் சுவரில். அதாவது, கூரையின் இரு சரிவும் வந்து முட்டும் முக்கோணத் தலை கொண்ட சுவர். அகலம் 6 மீட்டர், இறவாண மட்டம் (கூரையின் கீழ்விளிம்பு) வரை 3.4 மீட்டர், முக்கோணத்தின் உச்சி 7.2 மீட்டர். ஜன்னல்களைக் கழித்தால் வேலைப்பரப்பு சுமார் 30 சதுர மீட்டர். தடிமன் 550 மிமீ.

குறை என்று சொல்லப்பட்டது உள்ளே ஈரம். மாடி அறையில் பூச்சு உப்பி உதிர்ந்தது, உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் பூஞ்சை பூத்தது. வெளியே பார்த்தால் காரணம் கண்ணிலேயே தெரிந்தது. சுவர் முழுவதும் கல் சந்துகளில் சாம்பல் நிறச் சிமெண்ட் பூசியிருந்தது. பெரும்பாலான கற்கள் 10 முதல் 25 மிமீ வரை உள்வாங்கியிருந்தன. சிமெண்ட் மட்டும் தேன்கூட்டின் சட்டம் போலத் துருத்தி நின்றது. கல் கரைந்துபோய், சந்து நிலைத்து நிற்பது இந்த வகை வீட்டில் எதிர்மாறான நிலைமை. சந்துதான் தேய வேண்டும், கல் நிற்க வேண்டும்.

இந்தச் சுவர் தண்ணீரை எப்படிக் கையாள்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் உளியை எடுத்தால் வேலை கெடும். அதனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

கோட்ஸ்வோல்ட்ஸ் கல் ஜுராசிக் காலத்துச் சுண்ணக்கல். உடைத்துப் பார்த்தால் மீன் சினை போல நுண்ணிய உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த உருண்டைகளுக்கு நடுவே நிறைய நுண்துளைகள் உண்டு. மழையைக் குடிக்கும், வெயிலுக்கும் காற்றுக்கும் திருப்பிக் கொடுக்கும். வடக்குப் பகுதிக் கல்லில் இரும்புச் சத்து அதிகம் என்பதால் தேன் நிறம். தெற்கே போகப்போக வெளிறிய பாலேட்டு நிறம்.

சுவர் ஒரே திண்மமான கட்டு அல்ல. வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று, நடுவே உடைகல்லும் மண்சாந்தும் கொட்டிய நிரப்பு. இரண்டு முகங்களையும் பிணைப்பவை சுவரின் குறுக்கே நீட்டி வைத்த கட்டுக்கற்கள். மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் மட்டும் இழைத்த பெரிய கற்கள். மற்ற இடமெல்லாம் கரடுமுரடான கல் வரிசைகள். சுவருக்கு ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. அஸ்திவாரம் என்று நாம் சொல்லும் அளவுக்கு ஆழமான ஒன்றும் கிடையாது. இந்த வீட்டில் தரைக்குக் கீழே 300 மிமீ தோண்டியதுமே கடைசிக் கல் வந்துவிட்டது.

அப்படியானால் 350 ஆண்டுகளாகச் சுவரை உலர வைத்திருந்தது எது? மேலே செங்குத்தான கல்லோட்டுக் கூரை. இங்கே சாய்வு 52 டிகிரி. கல் ஓடுகள் முகட்டில் சிறியவையாகத் தொடங்கி இறவாணத்துக்கு வர வரப் பெரிதாகும். அழகுக்காக மட்டும் செய்த ஏற்பாடு இல்லை: சரிவில் இறங்கும் நீர் முழுவதும் கீழ் வரிசைகளில் சேர்கிறது, அங்கே அகலமான ஓடும் குறைந்த சந்துகளும் தேவை. ஜன்னல்களுக்கு மேலே துருத்தி நிற்கும் கல் வளைவு, வழியும் மழையைச் சட்டத்துக்கு அப்பால் தள்ளிச் சொட்டவிடுகிறது. இவற்றையும் மீறி உள்ளே போன ஈரம், சுண்ணாம்புச் சாந்தின் வழியாக வெளியேறிவிடும். சாந்து கல்லைவிட மென்மையாகவும் அதிகத் துளைகளுடனும் இருப்பதால் ஈரமும் உப்பும் உறைபனியும் முதலில் தாக்குவது சாந்தைத்தான். அது தேயும், ஒரு தலைமுறைக்கோ இரண்டு தலைமுறைக்கோ ஒருமுறை மறுபடி வைக்கலாம். கல்லை மறுபடி வைக்க முடியாது.

சிமெண்ட் வந்ததும் இந்த வழி அடைபட்டது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். இருபதாம் நூற்றாண்டில் அது எல்லாப் பழுதுபார்ப்புக்கும் போய்ச் சேர்ந்தது. சிமெண்ட் சந்தில் ஈரம் ஏறாது, இறங்காது. சுருங்கும்போது கல் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். மழை அந்த விரிசலில் புகும். வெளியேற சந்து வழி இல்லை, கல்லின் முகம் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வரும்போது கரைந்த உப்புகளைக் கொண்டுவந்து, கல்லின் தோலுக்குச் சற்றுப் பின்னே படிகமாக்கிவிட்டுப் போகும். படிகம் வளரும், கல் செதில் செதிலாக உதிரும். குளிர்காலத்தில் அதே ஈரம் உறைந்து விரிந்து மிச்சத்தை முடிக்கும். இங்கிலாந்தில் மழைக்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். அதனால்தான் இந்த வீட்டின் நான்கு சுவர்களில் மேற்குச் சுவர் முதலில் படுத்தது.

நல்ல நிலையில் உள்ள சுவரைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள இரண்டு இடங்கள் போதும். பைபரி கிராமத்தின் ஆர்லிங்டன் ரோ: 1380இல் மடத்தின் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்புகளாக மாற்றியது. இன்னொன்று வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் 1871 முதல் வாடகைக்கு எடுத்திருந்த கெல்ம்ஸ்காட் மேனர். கூரை ஓடுகள் சிறிதிலிருந்து பெரிதாகும் ஒழுங்கை அங்கே நிதானமாகப் பார்க்கலாம். பழைய கட்டடங்களைச் சுரண்டிப் புதிதாக்குவதை எதிர்த்து 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. இருப்பதைக் காப்பாற்று, ஊகித்துப் புதிதாகச் சேர்க்காதே என்ற அந்தச் சங்கத்தின் வழிதான் கீழே வரும் எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை.

தொடங்கும் முன்

பட்டியலிட்ட கட்டடத்தில் அதன் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அபராதத்தோடு முடியும் வெறும் விதிமீறல் என்று நினைத்துவிடக் கூடாது. ஒத்த பொருளைக் கொண்டு செய்யும் பழுதுபார்ப்புக்குப் பல நேரங்களில் அனுமதி தேவைப்படாது. ஆனாலும் எது பழுதுபார்ப்பு, எது மாற்றம் என்பதை உள்ளூராட்சியின் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதே சரி. இங்கே அவர் கேட்டது மாதிரிப் பரப்பு ஒன்று. அதைப் பார்த்த பிறகே மற்றதைத் தொடலாம் என்றார். வௌவால் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முகட்டுச் சந்துகளிலும் ஓடுகளுக்கு அடியிலும் அவை தங்கும்; தங்குமிடத்தைக் கலைப்பது தனிக் குற்றம்.

சாரம் தனித்து நிற்கும் வகையாக இருக்க வேண்டும். சுவரில் துளை போட்டுக் கட்டும் சாரத்தை இந்தச் சுவர் தாங்காது.

சுத்தியலின் மரப்பிடியால் சுவர் முழுவதும் தட்டிக் கேட்டதில், இடப்பக்க ஜன்னலுக்குக் கீழே ஏறக்குறைய 1 சதுர மீட்டர் வெற்று ஒலி தந்தது. உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு 300 மிமீக்கு ஒருமுறை அளந்தபோது அதே இடத்தில் சுவர் 22 மிமீ வெளியே தள்ளியிருந்தது. 550 மிமீ தடிமனில் 22 மிமீ பயப்படும் அளவு இல்லை. ஆனால் அது பழைய தள்ளலா, இன்னும் நகர்கிறதா என்று தெரியாமல் மூடிவிடக் கூடாது. அங்கிருந்த விரிசலின் இருபுறமும் அளவுக்குறி ஒட்டி, வேலை முடியும் வரை வாரம் ஒருமுறை குறித்துக்கொண்டோம். நகரவில்லை.

சிமெண்டை எடுத்தல்

மேலிருந்து கீழே. கோண அறுப்பான் இயந்திரம் வேண்டவே வேண்டாம். கிடைச் சந்தில் அது ஓரளவு நேராகப் போனாலும் செங்குத்துச் சந்தின் முனையில் வட்டத்தகடு மேலும் கீழும் உள்ள கற்களைக் கட்டாயம் வெட்டும். அந்த வெட்டுத் தடம் வீடு இருக்கும் வரை இருக்கும்.

பயன்படுத்தியவை: 1 கிலோவுக்கும் குறைந்த சுத்தியல், 6 மிமீ வாய் கொண்ட மெல்லிய உளி, சந்துக்கு என்றே தட்டையாக அடித்த உளி, கார்பைடு அலகு பூட்டிய அதிர்வு ரம்பம். சிமெண்ட் கல்லோரத்தைக் கவ்விப் பிடித்திருக்கும் இடங்களில் சந்தின் நட்டநடுவே 5 மிமீ துளைகளை வரிசையாகப் போட்டு, துளைகளுக்கு இடையே உள்ளதை உடைத்து, நடுவில் காலி இடம் உண்டாக்கிய பிறகு ஓரங்களை அந்தக் காலி இடத்தை நோக்கித் தள்ள வேண்டும். உளி எப்போதும் கல்லிலிருந்து சந்தை நோக்கியே பேச வேண்டும். கல்லை நெம்புகோலின் தாங்கு இடமாக ஆக்கினால் ஓரம் பறந்துவிடும்.

ஆழம் சந்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, எப்படியும் 25 மிமீக்குக் குறையாமல். இந்தச் சுவரில் சிமெண்ட் 15 முதல் 40 மிமீ வரை இருந்தது. சராசரியாக 45 மிமீ ஆழத்துக்குச் சுத்தம் செய்தோம். ஒருவர் ஒரு நாளில் 2 சதுர மீட்டர் முடித்தால் நல்ல வேகம். அதைவிட வேகமாகப் போகிறவரின் பகுதியைப் போய்ப் பாருங்கள், கல்லோரங்கள் உடைந்திருக்கும்.

மூலைக்கற்களில் நான்கு சந்துகளில் சிமெண்டை எடுக்காமலே விட்டோம். அங்கே சந்து 4 மிமீ. எடுத்தால் கல் போகும் என்று முதல் 10 செ.மீட்டரிலேயே தெரிந்தது. எடுப்பதால் வரும் சேதம் விடுவதால் வரும் சேதத்தைவிட அதிகமானால் விட்டுவிடுவதுதான் பழுதுபார்ப்பு. முழுவதையும் எடுத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தால் கெட்ட மூலைகள் இந்த வட்டாரத்தில் நிறைய.

சிமெண்டுக்குப் பின்னால் வந்தது கையால் கிள்ளினால் வரும் ஈரமான மண்சாந்து. இங்கே செய்யும் பெரிய தவறு, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிச் சந்தைக் கழுவுவது. மண்சாந்து கரைந்து ஓடி, சுவரின் நடு காலியாகும். தூரிகையால் பெருக்கி, தூசி உறிஞ்சியால் இழுத்து, தெளிப்பானால் பனிபோலத் தெளித்தால் போதும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்த இடங்களை ஈரப்படுத்தும் முன் உலர்ந்த தூரிகையால் தட்டி உறிஞ்சி எடுத்தோம். கழுவினால் உப்பு மறுபடி கல்லுக்குள்தான் போகும்.

சாந்து

பழைய சாந்தை அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் மணலை நிறுத்து விகிதம் கண்டுபிடிப்பது பொதுவான சோதனை. கோட்ஸ்வோல்ட்ஸில் அது ஏமாற்றும். இங்கே பழைய சாந்தில் மணலோடு சுண்ணக்கல் தூளும் போட்டிருப்பார்கள். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும்போது அந்தக் கல்தூளையும் சேர்த்துக் கரைத்துவிடும். சாந்தில் சுண்ணாம்பு மிக அதிகம் என்று தவறான விடை வரும். இறவாணத்துக்கு அடியில் மழை படாமல் தப்பியிருந்த ஒரு பிடிச் சாந்தைக் கையால் நொறுக்கி, சல்லடைகளில் சலித்து, உருப்பெருக்கியில் பார்த்ததே நம்பகமாக இருந்தது. வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளும் தெரிந்தன. கற்சுண்ணாம்பை மணலோடு சேர்த்தே நீற்றியதன் அடையாளம் அது.

மாதிரிப் பரப்பு 1 மீட்டருக்கு 1 மீட்டர், மூன்று கலவைகள். முதலாவது, நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பான என்.எச்.எல். 3.5. இரண்டாவது, அதே வகையில் என்.எச்.எல். 2. இந்த எண்கள் 28 நாளில் வர வேண்டிய குறைந்தபட்ச அழுத்த வலிமையைக் குறிப்பவை. அதற்குப் பிறகும் அது பல மாதங்கள் இறுகிக்கொண்டே போகும் என்பதை மறக்கக் கூடாது. மென்மையான கல்லுக்கு 5ஆம் எண்ணை வாங்கிப் பூசுவது சிமெண்டின் தவறையே சற்றுச் சிறிய அளவில் மறுபடி செய்வது. மூன்றாவது, சுடுகலவை; அதாவது கற்சுண்ணாம்பை மணலோடு சேர்த்தே நீர் விட்டு நீற்றி, அந்தச் சூட்டிலேயே கலக்கும் சாந்து. நான்கு வாரம் கழித்து, உலர்ந்த நிலையில், நிழலிலும் வெயிலிலும் பார்த்து சுடுகலவையைத் தேர்ந்தெடுத்தோம். ஈரமாக இருக்கும்போது நிறம் பார்த்து முடிவு செய்தால் வெளுத்த பிறகு வேறாகத் தெரியும். நிறப்பொடி சேர்க்கவில்லை; மணலும் கல்தூளும் கொடுக்கும் நிறமே போதும்.

சுவர்ப் பரப்பில் சந்தின் பங்கு கால்வாசி. 30 சதுர மீட்டரில் கால்வாசி, ஆழம் 45 மிமீ என்றால் 0.34 கன மீட்டர். ஆழமான ஓட்டைகளுக்கும் சிந்துவதற்கும் சேர்த்து 0.45 கன மீட்டர் என்று வைத்தோம். அதற்கு:

கூர்மணல், 4 மிமீ முதல் தூள் வரை எல்லா அளவும் கலந்தது: 240 லிட்டர்
சுண்ணக்கல் தூள், 3 மிமீக்குக் கீழ்: 120 லிட்டர்
பொடித்த கற்சுண்ணாம்பு: 120 லிட்டர், எடையில் சுமார் 110 கிலோ

அதாவது 1க்கு 3. கற்சுண்ணாம்பு நீறும்போது பருமனில் இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவாகப் பெருகும், அதனால் முடிவில் கிடைக்கும் சாந்து கொழுப்பானது, அதாவது சுண்ணாம்பு மிகுந்தது. நீற்றிய சுண்ணாம்போடு கணக்குப் போடுகிறவர் மணலின் வெற்றிடத்தை அளந்துகொள்ளலாம். ஒரு லிட்டர் உலர்ந்த மணலில், மேல்மட்டத்தில் நீர் தெரியும் வரை ஊற்றினால் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு சுண்ணாம்பு வேண்டும். நல்ல மணல் என்றால் 330 மில்லி அளவில் நிற்கும். 400ஐத் தாண்டினால் மணல் ஒரே அளவாக இருக்கிறது என்று பொருள், அந்தச் சாந்து வெடிக்கும்.

நீற்றும்போது கலவையின் சூடு 100 டிகிரியைத் தாண்டக்கூடும். கண்ணைச் சுற்றி முழுவதும் அடைக்கும் கண்ணாடி, முழங்கை வரை கையுறை, தூசிக்கான எஃப்எஃப்பி3 முகமூடி, கைக்கெட்டும் தூரத்தில் கண் கழுவும் நீர். இவை இல்லாமல் மூட்டையைப் பிரிக்கக் கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், இரும்புத் தொட்டிதான். மூட்டைகளை மழை படும் இடத்தில் வைத்தால் சூட்டில் பக்கத்து மரம் பற்றிக்கொள்ளலாம்.

ஈர மணலைப் பரப்பி, நடுவே சுண்ணாம்பைக் கொட்டி, மணலால் மூடி, பூவாளியால் நீர் தெளித்தோம். சில நிமிடங்களில் ஆவி எழும். சுண்ணாம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீர் வேதிவினைக்கே போய்விடும். அதற்கு மேல் ஆவியாகப் போவதும் நிறைய. ஆகவே நீரை ஒரேயடியாக ஊற்றாமல், புரட்டப் புரட்டக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். உருளை மிக்சரில் சுண்ணாம்பு உருண்டை உருண்டையாகத் திரளும்; துடுப்புச் சுழலும் தொட்டி மிக்சர் நல்லது. கலந்த சாந்தை ஈரச் சாக்குப் போட்டு மூடி மூன்று நாள் ஆறவிட்டோம். அவசரப்பட்டு அன்றே சந்தில் வைத்தால், நீறாமல் தங்கிய துகள்கள் வாரங்கள் கழித்து ஈரம் இழுத்துப் பெருத்து, சாந்தைச் சின்னச் சின்னக் குழிகளாகப் பெயர்த்துக்கொண்டு வரும்.

தமிழ்நாட்டுச் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களுக்குக் கடுக்காயும் வெல்லமும் நினைவுக்கு வரும். இங்கே சேர்க்கவில்லை. அருகிலுள்ள பழைய சாந்தோடு ஒத்துப்போவதுதான் நோக்கம், அந்தச் சாந்தில் அவை இல்லை.

சந்தில் வைப்பதற்கு முன் நீர் சேர்க்காமல் மறுபடி மிதித்துப் பிசைந்தால் சாந்து தானே இளகும். கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. இளக்கமாக இருந்தால் வைப்பது சுலபம், ஆனால் சுருங்கி ஓரம் விடும்.

சந்து நிரப்புதல்

முந்தின நாள் மாலை ஒருமுறை, வைப்பதற்கு அரை மணி முன்பு ஒருமுறை, சுவரை நனைத்தோம். உலர்ந்த கல் சாந்தின் நீரை நொடியில் உறிஞ்சிவிடும்; பிறகு அது சுண்ணாம்பாக இறுகாது, மாவாகவே இருக்கும். நனைத்த கல் ஈரமாக இருக்கலாம், மேலே நீர் பளபளக்கக் கூடாது.

ஆழமான ஓட்டைகளை ஒரு நாள் முன்னதாக நிரப்பிவிட வேண்டும். ஒரு தடவைக்கு 25 மிமீக்கு மேல் போகக் கூடாது. அகலமான இடங்களில் சாந்தை மட்டும் திணிக்காமல், உடைந்த அதே கல்லின் சில்லுகளை நனைத்துச் சாந்துக்குள் இறுக அடித்தோம். பழைய கொத்தனார்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பிரித்த இடமெல்லாம் சில்லுகள் கிடைத்தன, அவற்றையே கழுவி மறுபடி வைத்தோம். சில்லு இருந்தால் சாந்து குறையும், சுருக்கம் குறையும், கல்லின் பாரம் கல்லின்மேலேயே இறங்கும்.

சந்தின் அகலத்தைவிட ஒடுங்கிய கரண்டியால் பின்னோக்கி அழுத்தித் திணிக்க வேண்டும். கல்லின் முகத்தில் இழுகக் கூடாது. கற்களின் ஓரம் தேய்ந்து உருண்டிருந்தால் சாந்தைச் சற்று உள்ளே நிறுத்த வேண்டும். முகம் வரை கொண்டுவந்தால் மெல்லிய விளிம்பு கல்மேல் படிந்து, சந்து உண்மையைவிட இருமடங்கு அகலமாகத் தெரியும், முதல் உறைபனியில் அந்த விளிம்பு உரியும்.

கரண்டியால் தேய்த்து வழவழப்பாக்குவது கூடாது. தேய்த்தால் சுண்ணாம்புப் பால் மேலே வந்து துளைகளை மூடிவிடும். பெருவிரல் அழுத்தினால் பதியாமல், நகத்தால் கீறினால் கோடு விழும் பதம் வரும் வரை காத்திருந்து, கட்டையான மயிர்த் தூரிகையை நேராகப் பிடித்துத் தட்ட வேண்டும். பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. மணலின் முகம் வெளியே தெரியும், சாந்து இன்னும் இறுகும், மயிரிழை விரிசல்களும் மூடும். அந்தப் பதம் ஜூன் மாதத்தில் சில மணி நேரத்தில் வந்தது; மேகமூட்டமான நாட்களில் மறுநாள் காலைதான்.

வெற்று ஒலி கேட்ட இடத்தில் சந்துகள் வழியே 10 மிமீ துளைகள், 500 மிமீ இடைவெளியில். நீர்த்த சுண்ணாம்புக் குழம்பைப் புனல் வைத்து, கீழ்த் துளையிலிருந்து தொடங்கி, அடுத்த துளையில் வழியும் வரை ஊற்றினோம். ஒரு நாளில் 600 மிமீ உயரத்துக்கு மேல் ஏற்றவில்லை. ஏற்றினால் குழம்பின் எடையே வெளிமுகத்தைத் தள்ளிவிடும். பிறகு இரண்டு இடங்களில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைக் குறுக்கே செலுத்தி, இல்லாமல்போன கட்டுக்கற்களின் வேலையைக் கொடுத்தோம்.

உலர விடாமல் காப்பது

சுண்ணாம்பு வேலை கெடுவதில் பெரும்பகுதி இங்கேதான். சுண்ணாம்பு உலர்ந்து இறுகுவதில்லை. காற்றின் கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணக்கல்லாக மாறித்தான் இறுகுகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். சாரத்தில் ஈரக் கோணிச் சாக்கைச் சுவரைத் தொடாமல் தொங்கவிட்டு, அதற்கு வெளியே மழைத்திரை கட்டி, பத்து நாள் தினமும் மூன்று நான்கு முறை தெளித்தோம். மேற்கு வெயில் நேரே படும் பிற்பகலில் சாக்கு விலகினாலே போதும், அந்தப் பகுதி வெளுத்து மாவாகிவிடும். அப்படி உச்சிக்கு அருகே ஒன்றரை மீட்டர் நீளச் சந்து கெட்டது. கீறி எடுத்துவிட்டு மறுபடி வைத்தோம். மேலே நீர் தெளித்துச் சரிசெய்யும் வழி அதற்குக் கிடையாது.

இரவு வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் தொடக் கூடாது. செப்டம்பர் முடிவுக்குள் கடைசிச் சந்து முடிந்துவிட வேண்டும். உறைபனி வரும்போது சாந்துக்குள் நீர் இருந்தால் மேல்தோல் முழுவதும் கழன்றுவிடும்.

கல், ஜன்னல், உச்சி

50 மிமீக்கு மேல் அரித்துப்போன ஏழு கற்களை மட்டும் மாற்றினோம். மற்றவை அழகாக இல்லாவிட்டாலும் பாரம் தாங்குகின்றன. புதிய கல் நிறம் பார்த்து கைட்டிங் பகுதிச் சுரங்கத்திலிருந்து வந்தது. வெட்டிய புதிதில் கல்லுக்குள் சுரங்க ஈரம் இருக்கும். கோடையில் ஆறவிடாமல் வைத்தால் அந்தக் குளிர்காலமே உடையும். கல் நிலத்தில் எந்த வாக்கில் படுத்திருந்ததோ அதே வாக்கில் சுவரிலும் படுக்க வேண்டும். அடுக்குகள் முகத்துக்கு இணையாக நின்றால் புத்தகத் தாள் போல உரியும். பழைய ஏழில் மூன்று அப்படித் தவறாக நின்றவைதான்.

ஜன்னலின் கல் நடுத்தண்டு ஒன்று கீழ்முனையில் பிளந்திருந்தது. காரணம் உள்ளே இருந்த இரும்புக் கம்பி. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கல் பிளந்து இடம் கொடுக்கும். கம்பியை எடுத்துவிட்டு 6 மிமீ துருப்பிடிக்காத எஃகுக் குச்சியைச் சுண்ணாம்புச் சாந்திலேயே பதித்தோம். தண்டின் சந்து 3 மிமீ. அங்கே கரட்டுச் சாந்து நுழையாது. நன்கு புளித்த சுண்ணாம்பு விழுது 1, சலித்த கல்தூள் 2.

உச்சிச் சரிவின் மூடுகற்களுக்கு இடையே இருந்த சந்துகள் திறந்து கிடந்தன. மழை நேரே சுவரின் நடுநிரப்பில் இறங்கியது அந்த வழியாகத்தான். மாடி அறை ஈரத்தில் பாதிக்கு இதுவே பொறுப்பு. மூடுகற்களைத் தூக்கி, என்.எச்.எல். 3.5 ஒன்றுக்கு மணல் இரண்டு கலந்து மறுபடி உட்கார வைத்தோம். மழை முழு வேகத்தில் விழும் இடம் என்பதால் இங்கே மட்டும் சற்று வலுவான சாந்து. கூரை ஓடும் சுவரும் சேரும் மூலையில் சிமெண்ட் அணை வெடித்திருந்தது. மரக்கூரை பருவத்துக்குப் பருவம் அசையும், சிமெண்ட் அசையாது. ஆட்டு மயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்து போட்டோம். மயிரைச் சாந்து நன்றாக ஆறிய பிறகே சேர்க்க வேண்டும், சூட்டில் சேர்த்தால் கரைந்துவிடும்.

அடி

சுவரை ஒட்டி 90 செ.மீ. அகலத்தில் கான்கிரீட் நடைபாதை இருந்தது. அதன்மேல் விழும் மழை சுவரில் தெறித்தது. அடியிலுள்ள ஈரம் ஆவியாக வழியின்றிச் சுவரில் ஏறியது. அதை உடைத்து எடுத்து, மண்ணை உள்தரையைவிட 150 மிமீ கீழே இறக்கி, 300 மிமீ அகலத்துக்குச் சரளை நிரப்பினோம். ஒரு நேரத்தில் ஒரு மீட்டர் நீளம் மட்டும், அஸ்திவாரக் கல்லின் அடிமட்டத்துக்கு மேலேயே நிறுத்தி. ஓரடி அதிகம் தோண்டினால் சுவர் காலிழந்து நிற்கும். ரசாயன ஈரத்தடுப்பு ஊசி போடும் யோசனை வந்தது. மண்ணும் உடைகல்லும் வெற்றிடமுமான நடுநிரப்பில் அந்தத் திரவம் தொடர்ந்த படலமாக நிற்காது என்பதால் ஏற்கவில்லை. உள்ளே உப்பிய ஜிப்சம் பூச்சையும் பிளாஸ்டிக் வண்ணத்தையும் உரித்து, சுவரை அப்படியே திறந்து வைத்தோம். தடித்த சுவர் மாதம் 25 மிமீ அளவில் உலரும் என்பது கொத்தனார்களின் கைக்கணக்கு. இருபுறமும் உலரும் 550 மிமீ சுவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம். அதற்கு முன் உள்பூச்சு கூடாது.

அடுத்த ஏப்ரலில் பார்த்தபோது, 15 மிமீ ஆழத்தில் கீறி, இன்னும் இறுகாத சுண்ணாம்பில் இளஞ்சிவப்பாகும் ஃபீனால்ஃப்தலீன் திரவத்தைச் சொட்டுவிட்டதில் ஓரங்கள் நிறம் மாறவில்லை, நடு இன்னும் இளஞ்சிவப்பாகியது. அதாவது இறுகுவது உள்நோக்கி நடந்துகொண்டிருக்கிறது. உத்திர முனையில் பூஞ்சை இல்லை. வடமேற்கு மூலையில், சொட்டுக்குழாய் கசிந்த இடத்துக்குக் கீழே, இரண்டு சந்துகள் 300 மிமீ நீளத்துக்கு உறைபனியில் பொடிந்திருந்தன. முதலில் குழாயின் மூட்டை மாற்றினோம். சந்துகளை மே மாதம் வைக்க, மீதமிருந்த சாந்து காற்றுப் புகாத தொட்டியில் ஈரமாகவே இருக்கிறது.